நாலாம் துண்டில் கண்டதும் காணாததும்

வெப்பம் பதின்மூன்று பாகைக்குக் கீழே என்றால் நாங்கள் நடப்பதில்லை. வெயில் வேண்டும். வானத்தைப் பார்த்து, வெயில்தான் என்று சொல்லிவிட முடியாது. காலடியில் விழுகிற என் நிழலுக்கு விளிம்பு தெரிய வேண்டும். காற்று இலையை ஆட்டலாம், கொப்பை ஆட்டக் கூடாது. இந்த மூன்றும் சரி என்றால் பதினொரு மணி போல முதலாம் துண்டில் காலை வைக்கலாம். பதினொரு வருடம் நான் அப்படித்தான் நடந்தேன்.

இதை எழுதச் சொன்னது அபிரா. இப்போது எங்கள் அலுவலகத்தில் வண்ணத்துப்பூச்சி எண்ணுகிற வேலையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. இங்கேயே பிறந்தவள். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அன்ரி, இந்த ஸ்பிரிங்கில இருந்து எல்லாம் போன்தான். படம் எடுத்தா அதுவே பேர் சொல்லும். நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு புதுசா வாற ஆக்களுக்கு ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்."

"எனக்கு இங்கிலிஷ் எழுத வராது, பிள்ளை."

"தமிழில எழுதுங்கோ. நான் ரான்ஸ்லேட் பண்ணுறன்."

"உமக்குத் தமிழ் வாசிக்க வருமோ?"

"ஸ்லோவா வரும்."

"அப்ப நானும் ஸ்லோவா எழுதுறன்," என்றேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை நிறைய வரும், அபிரா திருத்துவாள். எண்ணிக்கையில் நான் விட்ட பெரிய பிழை ஒன்றே ஒன்று. அதைத்தான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் அந்த இடத்துக்குப் போகிற வழி.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். நான் இரவில், ஆட்கள் வேலை முடிந்து போன பிறகு, கந்தோர்கள் துடைத்தேன். பிறகு பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ரேப் ஒட்டினேன். முழங்கை போன பிறகு அதையும் விட்டேன். வெக்ஸ்போர்ட் பக்கம் வீடு மாறியபோது, ஹைட்ரோ மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே போகிற வெளியில் களை பிடுங்க ஆள் எடுக்கிறார்கள் என்று மன்னார்க்காரி ஜெனிற்றா சொன்னாள். அவள் அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடி. நல்லவள், வாய்தான் பெரிது. இரண்டு பேருமாகப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வெளி முன்னர் வெறும் புல். மாதம் இருமுறை வெட்டி மொட்டையாக வைத்திருப்பார்கள். அதைப் பூக்காடாக மாற்றுகிற வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நாங்கள் வேண்டாத கொடியைப் பிடுங்கி, வேண்டிய செடியை நட்டோம். முதல் வருடத்துச் சித்திரையில், பனி கரைந்து நிலம் இன்னும் சேறாக இருந்தபோது, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா கையில் தாள் கவ்விய மட்டையோடு, வண்ணத்துப்பூச்சி தேடிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். எங்களைக் கடந்து, ஒரு மேப்பிள் மரத்தையும் கடந்து போனார். அவர் பெயர் ஐரீன்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மிஸ், யூ மிஸ் வன்," என்றேன். என்னிடம் அப்போது இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தார். மேப்பிளின் பட்டை வெடித்து நீர் வடிந்த இடத்தைக் காட்டினேன். கரிந்த பட்டைத் துண்டு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐரீன் குனிந்து பார்த்தார். பட்டைத் துண்டு சிறகை விரித்தது. உள்ளே கடும் அரக்குச் சிவப்பு, ஓரத்தில் நகநுனி அகலத்துக்கு வெண்மஞ்சள் கரை. குளிர்காலம் முழுவதும் மரப் பொந்தில் உறங்கிவிட்டு, எல்லாருக்கும் முதல் எழும்புகிற பூச்சி அது. அன்றைக்கு அதன் பெயர் எனக்குத் தெரியாது. கரை போட்ட சேலை போல இருந்ததால் 'கரைச்சேலை' என்று வைத்தேன். இன்றைக்கும் எனக்கு அது கரைச்சேலைதான்.

"அது உயிரோடு இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஐரீன் கேட்டார்.

"கால்," என்றேன். பட்டைக்குக் கால் கிடையாது.

அடுத்த வருடம் என்னைக் களை பிடுங்குகிற கூட்டத்தில் இருந்து எடுத்து, எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஜெனிற்றா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இனி நீங்கள் ஒஃபீசர், எங்களுக்கு வணக்கம் சொல்லுவியளோ?" என்றாள். மட்டையைத் தூக்கிக் காட்டி, "எழுதி வச்சுக்கொண்டு சொல்லுறன்," என்றேன்.

எண்ணுவது எப்படி என்று இப்போது சொல்கிறேன், புதிதாக வருகிறவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பாதை எப்போதும் ஒன்றுதான். அதை ஆறு துண்டாகப் பிரித்து, துண்டு முடிகிற இடத்தில் சிவப்புத் தலை போட்ட முளை அடித்திருக்கும். பிள்ளை நித்திரையான பிறகு அறையை விட்டு வெளியே வருகிற நடை இருக்கிறதே, அந்த நடையில் நடக்க வேண்டும். இடப்பக்கம் இரண்டரை மீற்றர், வலப்பக்கம் இரண்டரை, முன்னால் ஐந்து. இந்தப் பெட்டிக்குள் வருகிறதைத்தான் எண்ணலாம். பெட்டிக்கு வெளியே தேவலோகத்துப் பூச்சி பறந்தாலும் அது எங்களுடையது இல்லை. பின்னால் இருந்து உங்களை முந்திக்கொண்டு போகிறதையும் எண்ணக் கூடாது. நீங்கள் முதலிலேயே எண்ணியது அதுவாக இருக்கலாம். ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போய், திரும்பி அந்தக் கல்லில் இருந்தே நடக்க வேண்டும்.

எழுதுவது பென்சிலால், ஒரு பூச்சிக்கு ஒரு கோடு. பேனை மழைக்கு ஊறும். பென்சிலின் பின்பக்கத்தில் அழிறப்பர் இருக்குமே, ஐரீன் புதுப் பென்சில் வாங்கிய அன்றே அதை எல்லாம் பேனாக்கத்தியால் வெட்டி எறிந்துவிடுவார். பிழை விட்டால் அழிக்கக் கூடாது. அடிமட்டம் வைத்து அதற்கு மேலால் ஒரு வெட்டுக் கோடு. கீழே இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் திகதி, கையெழுத்து, காரணம். காரணத்தை எழுதுவது பிழை விட்டவர்தான், வேறு யாரும் இல்லை.

தாளில் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஐரீன் எனக்காக ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னப் படம் ஒட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு மாரிகாலம் முழுவதும், வெளியே பனி கொட்ட, சமையல் முடித்துக் குசினி மேசையில் இருந்து அந்தப் பெயர்களை உருவம் உருவமாகப் பாடமாக்கினேன். முதல் எழுத்து எது, சொல் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் மேலே கொம்பு நீட்டுகிறது என்று. பங்குனியில் போய் வரிசையாகச் சொன்னேன். ஐரீன் நன்று என்று சொல்லவில்லை. அவர் யாருக்கும் அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை. ஒட்டுவதற்கு வெட்டி வைத்திருந்த படங்களை எடுத்துக் குப்பையில் போட்டார். எனக்கு அது போதும்.

அவரிடம் இருந்தது ஒரு கேள்விதான். நான் ஒன்றைச் சொன்னால் உடனே கேட்பார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பார்த்ததா, நினைத்ததா?"

எண்ணத் தொடங்கிய முதல் வருடம் வைகாசிக் கடைசியில் வேலியில் படர்ந்த காட்டு முந்திரிகைக் கொடிக்குக் கிட்ட ஒரு கறுப்புப் பூச்சி. சிறகில் வெள்ளையும் இளமஞ்சளுமாக எட்டுப் பொட்டு, முன்னங்காலில் செம்மஞ்சள் மயிர், காலுறை போட்டது மாதிரி. நல்ல வெயிலில் பூப் பூவாகப் போய்க்கொண்டிருந்தது. வண்ணத்துப்பூச்சி என்று கோடு போட்டேன்.

"மீசையைப் பார்த்தீர்களா?" என்று ஐரீன் கேட்டார்.

பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து அதே கொடியில் பார்த்தேன். வண்ணத்துப்பூச்சிக்குத் தலையில் நீட்டுகிற மீசை நுனியில் நெருப்புக்குச்சித் தலை போல ஒரு குமிழ் இருக்கும். இதற்கு அப்படிக் குமிழ் இல்லை. பகலில் பறக்கிற அந்துப்பூச்சி; அதற்கும் தாளில் தனி வரி உண்டு, நான் அதை 'எட்டுப்பொட்டு' என்பேன். இரவில் விளக்கைச் சுற்றுகிறது மட்டும்தான் அந்துப்பூச்சி என்று அதுவரை எனக்கு எண்ணம். வெயிலில் திரிந்தால் வண்ணத்துப்பூச்சி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அது நினைத்தது. அதற்குப் பிறகு நான் மீசை பார்க்காமல் எழுதியதில்லை. ஆறு வருடம் என் தாளில் ஒரு வெட்டும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்று எழுதினேன், ஜெனிற்றா வாசித்தால் சிரிப்பாள்.

இனி நாலாம் துண்டு.

நாலாம் துண்டு ஒரு சரிவு. சுண்ணாம்புக் கல் கலந்த காய்ந்த மண். தண்ணீர் நிற்காது. புல் கணுக்காலுக்கு மேல் வளராது. வசந்தத்தில் முதலில் சூடு பிடிக்கிற நிலம் அது. பூச்சிகள் அங்கே வந்து சிறகை விரித்துக் காயும். அந்தச் சரிவில் ஐரீன் ஒரு குட்டைச் செடியைத் தேடி எடுத்துவந்து நட்டிருந்தார். ஆனி ஆடியில் நுரை நுரையாக வெள்ளைப் பூப் பூக்கும். அதன் இலையைத் தவிர வேறொன்றும் தின்னாத ஒரு பூச்சி இருக்கிறது. மண்ணிறம், சிறகெல்லாம் கறுப்புத் திட்டு. இந்த மாகாணத்தில் மிக அரிது. செடி இருந்தால் ஒருநாள் அது வரும் என்பது ஐரீனின் நம்பிக்கை. அதற்கு மிகவும் கிட்டிய சொந்தக்காரன் ஒன்று எங்கும் திரியும். அதுவும் மண்ணிறம். கோப்பித்தூளைக் கொட்டியது மாதிரி இருக்கும். நான் சாதாரணமானதைக் 'கோப்பி' என்றும், அரிதானதைப் 'புள்ளிக் கோப்பி' என்றும் சொல்வேன். கிட்டப் போய்ப் பார்க்க முடியாவிட்டால் இரண்டையும் பிரிக்காமல் எழுதுவதற்குத் தாளில் 'எது என்று தெரியாது' என்ற கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் கோடு போடுவது வெட்கம் இல்லை என்று ஐரீன் சொல்வார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஏழாவது வருடம் மாசியில் ஒரு செய்தி வந்தது. நிலத்துக்கு அடியில் பெரிய குழாய் போடப் போகிறார்கள். நாலாம் துண்டை நீளத்துக்கு வெட்டி, அதன் அடிவாரத்தில் இருக்கிற தோட்டக் காணிகளில் ஒரு வரிசையையும் எடுத்துக்கொண்டு போகிறது பாதை. தெருவோரமாகவும் கொண்டுபோகலாம், ஆனால் செலவு கூட. அந்தச் சரிவில் புள்ளிக் கோப்பி வாழ்கிறது என்று வசந்தத்து எண்ணிக்கையில் வந்தால் மட்டும் தெருவோரமாகப் போவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தோட்ட வரிசையில் சிவபாலன் அண்ணைக்கு ஒரு காணி. என்னிலும் மூத்தவர், மனைவி செத்த பிறகு அந்தப் பத்தடி இருபதடியில்தான் அவருடைய நாள் போனது. கத்தரி, பயற்றங்காய், கோவா என்கிற முட்டைக்கோசு, வெங்காயத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வருடக்கணக்காக "என்ன தவமணி, இண்டைக்கு எத்தினை?" என்பதோடு எங்கள் பேச்சு முடியும். அந்த வருடம் அவர் கேட்டது வேறு.

"தவமணி, உந்தப் பூச்சி வந்துதோ?"

"இன்னும் இல்லை, அண்ணை."

"வரப்பண்ணும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

புள்ளிக் கோப்பியின் படத்தை ஐரீன் எனக்குத் தந்திருந்தார். அடுப்புக்கு மேலே ஒட்டினேன். காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் அதைப் பார்ப்பேன். இரவில் கறி கிண்டும்போதும் பார்ப்பேன். கண்ணை மூடினால் எந்தத் திட்டு எந்த இடத்தில் என்று சொல்வேன். அதில்தான் வில்லங்கம் என்று அப்போது விளங்கவில்லை.

வைகாசி நடுவில் ஒருநாள். காலையில் நல்ல வெயில், மேற்கே முகில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாம் துண்டில் தொடங்கினால் நாலுக்கு வரும்போது நிழல் போய்விடும் என்று பட்டது. ஆறாம் துண்டில் இருந்து முதலாம் துண்டை நோக்கிப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினேன். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. நாலாம் துண்டில் ஏறும்போது வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. செடிக்கு இரண்டு முழம் தள்ளி, வெறும் மண்ணில், மண்ணிறமாக ஒன்று சிறகைத் தட்டையாக விரித்துக்கொண்டு இருந்தது. திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மூன்று தரம் மூச்சு விட்டிருப்பேன். எழும்பிப் போய்விட்டது.

கல் வைக்கவில்லை. பின்னால் போகவில்லை. தெரியாது என்ற கட்டத்தைத் தாண்டிக் கீழே போய், அதுவரை யாரும் கோடு போடாத வரியில் ஒரு கோடு போட்டேன்.

ஐரீன் தாளை வாங்கிப் பார்த்தார். "பார்த்ததா, நினைத்ததா?"

"பார்த்தது," என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட ஆறு வருடத்தில் நான் ஒரு காரணமும் கொடுத்ததில்லையே. அன்றைக்கே கடிதம் போனது. ஒரு கிழமைக்குள் குழாய்ப் பாதைக்கு அடையாளமாகச் சரிவில் அடித்திருந்த நீலக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிவபாலன் அண்ணை வேலியால் ஒரு பை நிறைய வெங்காயத்தாள் நீட்டினார். "உம்மட கண்ணுக்கு," என்றார். ஜெனிற்றா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். லிஃப்டில் முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அடுத்த கிழமை நல்ல வெயில். முதலாம் துண்டில் இருந்து முறையாக நடந்தேன். நாலாம் துண்டில், வெயில் முதுகில் இருக்க, அதே மாதிரி ஒன்று. அதே திட்டு, அதே அளவு. கல்லை வைத்தேன். கிட்டப் போனேன். அது எழும்பி, ஐரீனின் செடிகளுக்கு மேலாக, ஒன்றிலும் இருக்காமல் போனது. சரிவின் அடியில் முழங்கால் உயரத்தில் ஒரு ஓக் கன்று தானாக முளைத்திருந்தது. அதன் இளம் இலையில் இருந்து, வாலை வளைத்து, ஒரு முட்டை வைத்தது. பிறகு பக்கத்து இலையில் இன்னொன்று.

புள்ளிக் கோப்பி ஓக்கில் முட்டை வைக்காது. அதன் பிள்ளைகள் அங்கே பட்டினியில் செத்துப்போகும். தாய்க்கு அது தெரியும். ஓக்கில் வைக்கிறது சாதாரணக் கோப்பி. கோப்பியில் ஆண்கள் முதலில் வரும், பெண்கள் பத்து நாள் பிந்தி வரும். புதிதாக இறங்கிய பெண்ணுக்குச் சிறகில் திட்டு எடுப்பாக இருக்கும். அது எனக்கு ஐந்து வருடமாகத் தெரிந்த விசயம். அந்த ஒருநாள் மட்டும் எனக்கு அது தெரியாமல் போனது. முகத்தில் அடித்த வெயிலில் நான் கண்டது ஒரு மண்ணிறம். திட்டுகளை நான் அடுப்புக்கு மேலே இருந்த படத்தில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். படத்தைக் கழற்றினேன். ஜெனிற்றாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்களுக்கென்ன பேயே, அக்கா?" என்றாள். "பூச்சி வந்து சாட்சி சொல்லப் போகுதே? கொடியைப் பிடுங்கியாச்சு. தோட்டக்காரச் சனம் நிம்மதியா நாத்து வைக்குது. உதை இப்பிடியே விடுங்கோ."

"ஐரீன் கேட்டவா. நான் பார்த்தது எண்டு சொன்னனான்."

"பார்த்தனீங்கள்தானே. ஒரு பூச்சியைப் பார்த்தனீங்கள். பேர்தான் கொஞ்சம் மாறிப்போச்சு."

"பேர்தான் என்ர வேலை," என்றேன்.

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். எழும்பும்போது சொன்னாள்: "சிவபாலன் அண்ணைக்கு நீங்களே சொல்லுங்கோ. என்னால ஏலாது."

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளில் எனக்குள் ஓடியதை எல்லாம் எழுதப் போவதில்லை. சரிவு போகும். அண்ணையின் காணி போகும். ஐரீன் நட்ட செடிகள் போகும். நான் வாய் திறக்காவிட்டால் ஒன்றும் போகாது. அது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில் ஒரு கோடுதான் இருந்தது, பென்சிலால் போட்ட சின்னக் கோடு. ஆனால் அந்தக் கோடு பொய் என்றால், அந்தச் சரிவில் இவ்வளவு நாளும் நான் போட்ட மற்றக் கோடுகளை யார் நம்புவார்கள்? நான் நம்புவேனா? கரைச்சேலை வந்தது, எட்டுப்பொட்டு வந்தது என்று நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு கோட்டோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது.

மூன்றாம் நாள் ஐரீனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஓக், முட்டை, வெயில் முகத்தில் அடித்தது, பின்பக்கமாக நடந்தது, எல்லாம். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் தொப்பி இல்லாமல் இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். தலைமயிர் ஐதாக இருந்தது. பிளாஸ்கில் இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

"எப்போது தெரியும்?"

"திங்கட்கிழமை."

"இன்றைக்கு வியாழன்."

"ஓம்," என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியும்.

தாளை எடுத்து, அடிமட்டத்தையும் பென்சிலையும் எனக்கு முன்னால் வைத்தார். ஒரு கோடு போட்டேன். கீழே இருந்தது வாசிக்கத் தெரிந்தது. திகதி எழுதினேன். "இரண்டு திகதியும்," என்றார் ஐரீன், "தெரிந்த திகதியும், சொன்ன திகதியும்." இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் எழுதுகிற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. அதற்குரிய ஆங்கிலம் என்னிடம் இல்லை. நீங்கள் எழுதுங்கள் என்று தாளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் திரும்ப என் பக்கம் திருப்பினார்.

"உங்கள் மொழியில் எழுதுங்கள். வாசிக்க வேண்டியவர்கள் ஆள் தேடிப் பிடித்து வாசிக்கட்டும்."

எழுதினேன். 'பார்த்தது அல்ல, நினைத்தது.' ஐரீன் அந்த எழுத்துகளைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, குழாய்க்காரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். என்னைக் கோபிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. நான் வெளியே வரும்போது மட்டும், "சனிக்கிழமை வெயில் இருக்குமாம்," என்றார். சனிக்கிழமை நடக்க வேண்டும் என்று அர்த்தம்.

சிவபாலன் அண்ணைக்கு வேலியடியில் நின்று சொன்னேன். அவர் கத்தரி நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டுமுடித்தார்.

"அப்ப இல்லையோ பூச்சி?"

"நான் காணேல்லை, அண்ணை."

"உம்மட நேர்மையை என்ர கத்தரிக்குப் பசளையாப் போடலாமோ, தவமணி?"

அன்றில் இருந்து அவர் என்னோடு பேசுவதை விட்டார். புரட்டாதியில் இயந்திரம் வந்தது. நாலாம் துண்டு தலையில் இருந்து கால் வரைக்கும் திறந்து கிடந்தது. ஐரீனின் செடிகளில் சிலதைக் கிண்டி வேறிடத்தில் வைத்தோம். இரண்டுதான் பிழைத்தன. தோட்டத்தில் ஒரு வரிசை போனது. அண்ணைக்கு மேல்வரிசையில், நிழல் விழுகிற மூலையில், அரைக் காணி கொடுத்தார்கள்.

அடுத்த சித்திரையில் நான் நாலாம் துண்டின் முளையில் நின்று பார்த்தேன். நிரவிவிட்ட மண். ஒரு புல் இல்லை. இதில் என்ன நடப்பது என்று, வீதியால் சுற்றி ஐந்தாம் துண்டுக்குப் போய், நாலாம் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த மண்ணில் கால் வைக்க எனக்கு மனம் இல்லை.

ஐரீன் கட்டத்தில் விரலை வைத்தார். "நடக்காத இடத்துக்குத்தான் வெறும் கட்டம். நடந்து காணாத இடத்துக்குச் சைபர்."

"ஒன்றும் இல்லை என்று தெரியுமே."

"பார்த்ததா, நினைத்ததா?"

திரும்பிப் போனேன். வெறும் மண்ணில், அதே நடை. இடப்பக்கம் இரண்டரை, வலப்பக்கம் இரண்டரை, முன்னால் ஐந்து. முளைக்கு வந்ததும் சைபர் போட்டேன். அந்த வருடம் கிழமைக்கு ஒரு சைபர், ஐப்பசி வரைக்கும். அதற்கடுத்த வருடம் விதை தூவினார்கள். முளைத்தது, ஆனால் பூக்கவில்லை. அந்த வசந்தமும் சைபர்தான். மற்றத் துண்டுகளில் கரைச்சேலையும் நீலப் பூச்சியும் எட்டுப்பொட்டும் கோடு கோடாக ஏறிக்கொண்டிருந்தன. அந்தச் சைபர்களையும் மற்றக் கோடுகள் போலவே கவனமாகத்தான் போட்டேன்.

மூன்றாம் வசந்தத்தில் ஒருநாள், நாலாம் துண்டின் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது வேலிப்பக்கம் குரல் கேட்டது.

"வெறும் நிலத்தில என்னத்தையப்பா எண்ணுறீர், இவ்வளவு நாளா?"

சிவபாலன் அண்ணை. மூன்று வருடத்துக்குப் பிறகு பேசின முதற்பேச்சு. நான் நின்று, கல்லை வைத்துவிட்டு வேலிக்குக் கிட்டப் போனேன்.

"இல்லாததை எண்ணுறன், அண்ணை."

"எத்தினை இருக்கு?"

"சைபர்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். போகவில்லை. அப்போது அவருடைய கோவா நாற்றில் இருந்து ஒரு வெள்ளைப் பூச்சி எழும்பியது. கோவா வெள்ளை. இந்த நாட்டிலேயே மலிந்த பூச்சி, கோவா இலையில் முட்டை வைக்கிறதால் தோட்டக்காரர் கண்ட இடத்தில் கலைக்கிற பூச்சி.

"அந்தா ஒண்டு. போடும்."

"அது உங்கட காணிக்குள்ள நிக்குது. என்ர பெட்டிக்கு வெளியில. எண்ணேலாது."

"எண்ணினால் என்ன குறைஞ்சுபோம்?"

இரண்டு பேரும் அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது வேலிக்கம்பியில் ஒருமுறை இருந்தது. திரும்பக் கோவாவுக்குப் போனது. அண்ணை அதைக் கையால் விசுக்கிக் கலைத்தார்.

"கலைச்சு விடுறதும் கணக்கில்லை, அண்ணை."

"நான் என்ர கோவாவைப் பாக்கிறன். நீர் உம்மட அலுவலைப் பாரும்," என்றார்.

கல்லடிக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினேன். பதினைந்து அடி போயிருப்பேன். புதிதாக வந்த புல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூ விரிந்திருந்தது. அந்த வெள்ளை, யாரும் கலைக்காமல் தன்பாட்டிலேயே வேலியைத் தாண்டி, தாழப் பறந்து வந்து எனக்கு முன்னால் ஒரு பூவில் இருந்தது. ஐந்து மீற்றருக்குள். மீசை நுனியில் குமிழ் இருந்தது. முன்சிறகில் இரண்டு கறுப்புப் பொட்டு. பெண்.

"இப்ப?" என்று வேலியடியில் இருந்து கேட்டார்.

"இப்ப எழுதலாம்," என்றேன்.

மட்டையைத் தொடையில் ஊன்றி, நாலாம் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அவருக்குத் தெரியட்டும் என்று தாளை உயர்த்திப் பிடித்தேன். அவ்வளவு தூரத்தில் ஒரு பென்சில் கோடு தெரிந்திருக்காது. அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து, கோவா இலைகளைப் புரட்டி முட்டை தேடத் தொடங்கினார். நான் முளைவரைக்கும் நடந்து, ஐந்தாம் துண்டுக்குள் போனேன்.